பஷாகிச் விற்ற புத்தகங்கள்

1924ஆம் ஆண்டு சஃப்வெத் பெக் பஷாகிச் தன்னிடமிருந்த கையெழுத்துப் பிரதிகளை விற்றார். வாங்கியது அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா பல்கலைக்கழக நூலகம். 284 கையெழுத்துத் தொகுதிகள், 365 அச்சுத் தொகுதிகள். பெரும்பாலும் அரபு, பாரசீகம், உஸ்மானியத் துருக்கி. மிகப் பழைய பிரதி 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தங்கள் ஸ்லாவிய மொழியையே அரபு எழுத்தில் எழுதிய ஏடுகளும் அவற்றில் உண்டு. நம்முடைய அர்வித் தமிழை நினைத்துக்கொண்டால் அது எப்படிப்பட்ட எழுத்து என்பது பிடிபட்டுவிடும்.

விற்றவர் பழம்பொருள் வியாபாரி இல்லை. போஸ்னியாக் மக்களின் நவீன இலக்கியத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். 1870ல் ஹெர்சகோவினாவின் நெவெசினியே என்ற ஊரில், நிலமுள்ள 'பெக்' குடும்பத்தில் பிறந்தார். அப்பா இப்ராஹிம் பெக்கும் கவிதை எழுதியவர். பஷாகிச்சுக்கு எட்டு வயதாகும்போது உஸ்மானியர் ஆட்சி போய் ஆஸ்திரியர்கள் வந்தார்கள். வியன்னாவில் கீழைமொழிகள் படித்தார். 1896ல் முதல் கவிதைத் தொகுப்பு. 'ஹெர்சகோவினத் தோப்பின் முதற்கனி' என்பது தலைப்பின் பொருள். 1900ல் நண்பர்களோடு சேர்ந்து 'பெஹார்' என்ற இதழைத் தொடங்கினார். பெஹார் என்றால் மலர்ச்சி. 1903ல், ஏழை முஸ்லிம் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் 'கய்ரெத்' சங்கத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1910ல் போஸ்னியாவுக்கு ஒரு சட்டமன்றம் கிடைத்தபோது அதன் தலைவரானார். அதே ஆண்டு வியன்னாவில் முனைவர் பட்டமும் வாங்கினார். போர் முடிந்து ஆஸ்திரியர்களும் போய் யூகோஸ்லாவிய அரசு வந்த பிறகு, 1919லிருந்து 1927 வரை சரயேவோ அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்தார். 1928ல் உமர் கய்யாமை மொழிபெயர்த்து வெளியிட்டார். 1934ல் இறந்தார். மூன்று ஆட்சிகளுக்குக் குடிமகனாக இருந்த மனிதர்.

அவருடைய கவிதைகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அவருடைய கவிதையைவிட அந்த அலமாரிதான் பெரிய கேள்வியாக இருக்கிறது.

காரணம், அதற்கு 68 ஆண்டுகள் கழித்து நடந்தது. 1992 மே 17 அன்று சரயேவோவின் கீழையியல் நிறுவனத்தின் மேல் சுற்றியிருந்த மலைகளிலிருந்து எரிகுண்டுகள் வீசப்பட்டன. 5,263 கையெழுத்துத் தொகுதிகள் ஒரே இரவில் சாம்பல். உஸ்மானியர் காலத்து ஆவணங்கள் லட்சக்கணக்கில் அதோடு போயின. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 25 இரவு, வியெச்னிட்சா என்ற அழகான பழைய நகரமன்றக் கட்டடத்தில் இருந்த தேசிய நூலகம். சுமார் 15 லட்சம் நூல்கள் இருந்த இடம் அது. புத்தகங்களை வெளியே எடுக்கப் போனவர்களையும் துப்பாக்கிகள் விடவில்லை. அன்று வேலை பார்த்த ஓர் இளம் நூலகர் வீட்டுக்குத் திரும்பும் வழியில் குண்டு விழுந்து செத்துப்போனார். பல மணி நேரம் கருகிய காகிதத் துண்டுகள் நகரத்தின் மேல் பறந்துகொண்டே இருந்தன.

இதில் ஒரு கண்ணியை மட்டும் கவனிக்க வேண்டும். கீழையியல் நிறுவனம் 1950ல்தான் தொடங்கப்பட்டது. தொடங்கியபோது அதற்கு அடிப்படையாகக் கொடுக்கப்பட்டது சரயேவோ அருங்காட்சியகத்தில் இருந்த துருக்கி ஆவணங்களும் கீழைமொழிப் பிரதிகளும். அதாவது பஷாகிச் வேலை பார்த்த அதே அருங்காட்சியகம். அவர் 1924ல் எல்லோரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நல்ல காரியத்தைச் செய்து, தன் சேகரிப்பைத் தன் சொந்த ஊர் அருங்காட்சியகத்துக்கே கொடுத்திருந்தால், அது 1950ல் நிறுவனத்துக்கு மாறியிருக்கும். 1992 மே 17 அன்று எரிந்திருக்கும். வெளிநாட்டுக்கு விற்றதனால் தப்பியது. 1997ல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இந்தக் கதையைக் கிள்ளானில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். அவருக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தது. அவருடைய அப்பா தோட்டப் பள்ளி வாத்தியார். ஐம்பது வருடமாகச் சேர்த்து வைத்த பத்திரிகைகள், ஆண்டு மலர்கள், தோட்டத்து மேடைகளில் நடித்த நாடகங்களின் கைப்பிரதிகள் இப்போது அண்ணன் வீட்டு மேல்மாடியில் இருக்கின்றன. 2021 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டில் இருந்த பாதி போய்விட்டது. மீதியைக் கரையான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்டிருக்கிறது. அண்ணனுக்குக் கொடுக்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் வழியில்லை.

கதையைக் கேட்டதும், "அப்புறம் என்ன தம்பி? அந்த மனுசன் வித்தது சரின்னு ஆயிருச்சுல்ல? நானும் குடுத்துர்றேன்" என்றார்.

அந்த 'சரின்னு ஆயிருச்சு'தான் எனக்கு உறுத்தியது. ஒரு காரியம் செய்யும்போது சரியா தவறா என்று தெரியாமல் இருந்து, 68 வருடம் கழித்து யாரோ சுட்ட பீரங்கியால் அது 'சரின்னு' ஆக முடியுமா? பஷாகிச் செத்து 58 வருடம் ஆன பிறகு அவருடைய ஒழுக்கக் கணக்கில் யார் வரவு வைப்பது?

தத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. 1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் இருவரும் அதை 'தார்மிக அதிர்ஷ்டம்' என்ற பெயரில் விவாதித்தார்கள். வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டது ஓவியர் காகினை. குடும்பத்தை விட்டுவிட்டுத் தாஹிதித் தீவுக்குப் போகிறார். அங்கே பெரிய ஓவியராகிவிட்டால் போனதற்கு ஒரு நியாயம் கிடைக்கிறது; தோற்றுவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளைத் தவிக்கவிட்டவர், அவ்வளவுதான். ஆனால் போகும் நாளில் இரண்டில் எது என்று அவருக்கே தெரியாது. அப்படியென்றால் நம்முடைய நல்லது கெட்டது எல்லாம் நம் கையில் இல்லாத ஒன்றிடம் அடகு வைக்கப்பட்டிருக்கிறதா? வில்லியம்ஸ் ஆமாம் என்ற பக்கம் சாய்கிறார். நமக்கு இது அப்படி ஒன்றும் புதிதில்லை. 'முடிவு நல்லதாப் போச்சு, விடு' என்று கல்யாணத்திலிருந்து வியாபாரம் வரை எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்.

ஆனால் பஷாகிச் விஷயத்தில் இந்தக் கணக்கை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. முதல் காரணம், அதே கணக்கு எதிர்ப்பக்கமும் ஓடும். இதற்கு போஸ்னியா வரை போக வேண்டாம், நம்ம கடலே போதும். பஷாகிச் விற்றதற்குச் சரியாக நூறு வருடம் முன்பு, 1824 பிப்ரவரி 2 அன்று, ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் பெங்கூலனிலிருந்து 'ஃபேம்' என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கப்பலில் அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த மலாய் கையெழுத்துப் பிரதிகள், வரைபடங்கள், ஓவியங்கள், குறிப்புகள் எல்லாம் இருந்தன. அன்று இரவே கப்பல் தீப்பிடித்தது. பிராந்தி எடுக்கப் போன ஒருவர் கையில் மூடாத விளக்கு. மனிதர்கள் எல்லோரும் படகில் ஏறித் தப்பினார்கள், ஏடுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 'வெளியே கொண்டுபோனால்தான் பாதுகாப்பு' என்பது விதியாக இருந்தால், அந்த ஏடுகள் கம்போங்குகளிலும் அரண்மனைகளிலும் கிடந்திருந்தால் பிழைத்திருக்கும் என்பதற்கு என்ன பதில்? ராஃபிள்ஸின் மற்ற சில பிரதிகள் லண்டனுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து இன்றும் இருக்கின்றன. 'செஜாரா மெலாயு'வின் மிகவும் மதிக்கப்படும் பிரதி ஒன்று அப்படித்தான் அங்கே இருக்கிறது. ஒரே ஆள், ஒரே செயல், ஒரு பெட்டி பிழைத்தது, இன்னொரு பெட்டி எரிந்தது. முடிவை வைத்து நியாயம் சொன்னால் ராஃபிள்ஸ் ஒரு பாதி நல்லவர், மறுபாதி கெட்டவர் என்றுதான் சொல்ல வேண்டிவரும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆபத்தானது. 'நாங்கள் எடுத்துக்கொண்டு போகாவிட்டால் அழிந்திருக்கும்' என்பது காலனியவாதிகள் எல்லோரும் சொன்ன வசனம். பஷாகிச்சின் அலமாரி தப்பிய கதை அவர்களுக்கு ஒரு நல்ல சாட்சியாகிவிடுகிறது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருப்பதைத் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் இப்படி ஒரு சரயேவோவைத் தூக்கி முன்னால் வைக்கிறார்கள். பஷாகிச் விற்றார் என்பதையும், அது அவர் விற்கக்கூடியதாக இருந்தது என்பதையும் அப்போது மறந்துவிடுகிறார்கள். தோற்றவன் வீட்டிலிருந்து எடுத்ததும் உரிமையாளன் கையால் கொடுத்ததும் ஒரே பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன.

சரி, அப்படியானால் பஷாகிச் செய்ததை எதை வைத்துத்தான் பார்ப்பது? 1924ஐ வைத்துத்தான். அன்று அவருக்குத் தெரிந்தது, அன்று அவர் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்பது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பால்கனில் இனங்களுக்கும் மதங்களுக்கும் நடுவே நடந்த மோதல்களைப் பார்த்து, சேகரிப்பைப் பாதுகாப்பான இடத்தில் வைக்க அவர் முடிவு செய்தார் என்று யுனெஸ்கோவின் குறிப்பு சொல்கிறது. பொய்யாக இருக்காது. ஆனால் காரணம் அது ஒன்றுதான் என்று சொன்னால் மனிதரைச் சிலையாக்கிவிடுகிறோம். 1918க்குப் பிறகு புதிய அரசு நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. பெக் குடும்பங்களின் நிலங்கள் குடியானவர்களுக்குப் போயின. (அதை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். தலைமுறை தலைமுறையாக விளைச்சலில் பங்கு கொடுத்துக்கொண்டிருந்த குடியானவன் பக்கமும் நியாயம் இருந்தது.) அந்த வர்க்கமே தடுமாறிக்கொண்டிருந்த காலம். ஐம்பதைத் தாண்டிய ஓர் அருங்காட்சியகச் சம்பளக்காரர், தன்னிடம் விலைபோகக்கூடியதாக இருக்கும் ஒரே பொருளைப் பார்க்கிறார். பயமும் தேவையும் கலந்துதான் ஒரு மனிதன் இப்படி ஒரு முடிவுக்கு வருவான். கலந்திருப்பது குற்றமில்லை. ஏழ்மையை நாம் ரொம்பச் சீக்கிரம் துரோகம் என்று படித்துவிடுகிறோம்.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஒரு சேகரிப்பாளரின் அலமாரி சட்டப்படி அவருடையது. உண்மையில் அப்படித்தானா? அதற்குள் இருந்த ஏடுகளை எழுதியவர்கள், நகலெடுத்தவர்கள், ஓரத்தில் குறிப்பு எழுதியவர்கள் எத்தனை பேர். இதில் அவர் மற்ற சேகரிப்பாளர்களிடமிருந்து வேறுபடுகிறார் என்பது என் கருத்து. காரணம், விற்பதற்கு முன்பே அவர் அந்தக் கடனின் பெரும்பகுதியை அடைத்துவிட்டார்.

அவருடைய வியன்னா ஆய்வேடு 1912ல் புத்தகமாக வந்தது. 'இஸ்லாமிய இலக்கியத்தில் போஸ்னியர்களும் ஹெர்சகோவினர்களும்'. உஸ்மானியர் காலத்து நானூறு ஆண்டுகளில் போஸ்னியாவில் பிறந்து அரபியிலும் பாரசீகத்திலும் துருக்கியிலும் எழுதியவர்களை ஊர், பெயர், நூல் என்று ஒவ்வொருவராகத் தேடி எடுத்த வேலை. அதற்கு முன் இவர்கள் இரண்டு பக்கமும் அனாதை. இஸ்தான்புல்லில் அவர்கள் உஸ்மானிய எழுத்தாளர்கள், எந்த ஊர்க்காரர் என்பது யாருக்கும் பொருட்டில்லை. ஊரிலோ அவர்கள் எழுதிய மொழியை வாசிக்கும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்திரியப் பள்ளிக்கூடத்தில் லத்தீன் எழுத்துப் படித்து வளர்ந்த தலைமுறைக்குத் தாத்தாவின் ஏடு வெறும் கோலம்.

அவர்களில் ஒருவர் 16ஆம் நூற்றாண்டின் அஹ்மத் சூதி. சாய்னிச்சேவுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஹாபிஸ் கவிதைகளுக்குத் துருக்கியில் அவர் எழுதிய உரை பிற்காலத்தில் வியன்னா அறிஞர் ஹாம்மருக்கு ஹாபிஸை ஜெர்மனில் மொழிபெயர்க்கக் கை கொடுத்தது. அந்த மொழிபெயர்ப்பை வாசித்துத்தான் கோத்தே தன்னுடைய கீழை-மேலைத் திவானை எழுதினார். போஸ்னியக் கிராமத்தில் பிறந்தவர், பாரசீகக் கவிஞருக்கு, துருக்கியில் எழுதிய உரை, ஜெர்மன் கவிஞரின் மேசைக்குப் போகிறது. இந்தப் புத்தகம் எந்த ஊருக்குச் சொந்தம்? மொஸ்தார் ஃபெவ்ஸி 18ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலேயே 'புல்புலிஸ்தான்' எழுதினார். அது ஈரானுக்குச் சொந்தமா, மொஸ்தாருக்கா?

பஷாகிச்சே தன்னைச் சில சமயம் போஸ்னியாக் என்றும் சில சமயம் குரோவாட் என்றும் சொல்லிக்கொண்டவர். 1931ல் ஸாக்ரெபில் வந்த அவருடைய கடைசிப் பெரிய நூலின் தலைப்பில் 'குரோவாட்டுகள், போஸ்னியாக்குகள், ஹெர்சகோவினர்கள்' என்று மூன்று பெயரும் வரிசையாக நிற்கின்றன. சிலருக்கு இது சந்தர்ப்பவாதமாகப் படலாம். எனக்கு, இரத்தத்தை வைத்துப் புத்தகத்தின் உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்று தெரிந்துகொண்ட ஒரு மனிதரின் தடுமாற்றமாகத் தெரிகிறது. அவருடைய பார்வையில் புத்தகம் வாசிப்பவனுக்குச் சொந்தம் என்று நினைக்கிறேன். அவர் வாசித்தார். வாசித்ததைத் தன் மக்களுக்கு அவர்கள் மொழியில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தாள்களை விற்றார்.

விற்ற விதத்தையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் இஸ்லாமியப் பிரதிகளுக்கு ஐரோப்பாவில் வேறொரு சந்தை இருந்தது. பாரிஸ் வியாபாரி டெமோத் கையில் 14ஆம் நூற்றாண்டின் மாபெரும் ஷாநாமா பிரதி ஒன்று கிடைத்தது. முழுசாக விற்க ஆள் கிடைக்கவில்லை என்றதும் படம் படமாகப் பிரித்து விற்றார். ஒரே தாளின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் ஓவியம் இருந்தால் தாளையே இரண்டாக உரித்தார். இன்று அந்தப் புத்தகம் கண்டம் கண்டமாகக் கிடக்கிறது. பஷாகிச்சின் பிரதிகளையும் அப்படி உதிரியாக விற்றிருக்க முடியும். அவர் மொத்தமாக, பிரிக்காமல், ஒரு பொது நூலகத்துக்குக் கொடுத்தார். 1924ல் அவர் கையில் இருந்த நல்லது கெட்டது அவ்வளவுதான். என் தீர்ப்பும் அதோடு நிற்கிறது. அவர் செய்தது சரி. 1992ல் அந்தக் குண்டு விழாமல் இருந்திருந்தாலும் சரிதான்.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, நீ சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத்தானே வர்றே?" என்றார். ஒரே இடம் இல்லை. குண்டு விழுந்ததால் அவர் செய்தது சரி என்று சொன்னால் கூடவே இன்னொன்றையும் சொன்னதாக ஆகிவிடும். விற்காமல் வைத்திருந்தவர்கள் செய்தது தவறு என்று.

சரயேவோவிலேயே 1537ல் தொடங்கிய காஸி ஹுஸ்ரெவ் பெக் நூலகம் இருக்கிறது. முற்றுகை 1,425 நாள் நடந்தது. அந்த நாட்களில் இயக்குநர் முஸ்தஃபா யாஹிச்சும் ஊழியர்களும் சுமார் 10,000 கையெழுத்துப் பிரதிகளை வாழைப்பழ அட்டைப்பெட்டிகளில் போட்டு, துப்பாக்கிகள் குறிவைத்திருந்த தெருக்களைக் கடந்து, ஓர் ஒளிவிடத்திலிருந்து இன்னோர் ஒளிவிடத்துக்குத் திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடத் தூக்கியவர்களில் ஒருவர் காங்கோவிலிருந்து வந்து அங்கே இரவுக் காவலாளியாக இருந்தவர். அந்த ஏடுகளில் ஒரு வரிகூட அவருடைய முப்பாட்டன் எழுதியதில்லை. அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். கீழையியல் நிறுவனத்தில் இருந்தவர்களால் முடியவில்லை. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி நேசித்தது. ஒரு கூட்டத்துக்கு நேரம் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. பஷாகிச்சின் முன்யோசனையை மட்டும் புகழ்ந்துகொண்டே போனால், எரிந்துபோன இடத்தில் வேலை பார்த்தவர்கள் யோசிக்காதவர்கள் என்று ஆகிவிடுகிறது.

இது எனக்குப் பழக்கமான குரல். 1981ல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் போன கதையைப் பேசும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "ஏன் சார், அதுக்கு முன்னாடியே ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்பி வெச்சிருக்கக் கூடாதா?" கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி தீ வைத்தவனை மழை வெயில் மாதிரி ஆக்கிவிடுகிறது. மழை வரும், நீதான் குடை கொண்டுபோயிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் எனக்கு உதவுகிறது. 'எரிந்தது' வேறு, 'எரித்தார்கள்' வேறு. தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் ஒரு மெய்யெழுத்து வித்தியாசத்தில் நிற்கின்றன. 'யாழ் நூலக எரிப்பு' என்றுதான் நம்மவர்கள் எழுதுகிறோம். யாரும் உட்கார்ந்து முடிவு செய்து வைத்த சொல் இல்லை, வாய் தானாகவே அந்தப் பக்கம் போனது. சரயேவோவைப் பற்றி எழுதும்போது நானே மேலே 'எரிந்திருக்கும்', 'எரிந்துபோன இடம்' என்று எழுதியிருக்கிறேன். கப்பலுக்கு அந்தச் சொல் பொருந்தும், அங்கே ஒரு விளக்கும் கவனக்குறைவும்தான். சரயேவோவுக்குப் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு குண்டையும் ஒரு கை ஏற்றியது, இன்னொரு வாய் ஆணையிட்டது.

அந்த மலைகளின் மேல் இருந்தவர்களின் தலைமையில் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ரதோவான் கராஜிச் மனநல மருத்துவர், அதோடு கவிதைத் தொகுப்புகள் வெளியிட்ட கவிஞர். பின்னாளில் இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, 2019ல் அது ஆயுள் தண்டனையாக உயர்த்தப்பட்டது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த நிகோலா கோல்யேவிச் சரயேவோ பல்கலைக்கழகத்தின் ஷேக்ஸ்பியர் பேராசிரியர். கீழே இருந்த நூலகம் அவருக்குத் தெரியாத கட்டடம் இல்லை. புத்தகம் படித்தவன் பண்பட்டவன் என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். ஆனால் பஷாகிச்சும் கராஜிச்சும் ஒரே மொழியில், ஒரே ஊரில் இருந்து கவிதை எழுதியவர்கள். கவிதை எழுதத் தெரிவது ஒருவரை எந்தப் பக்கம் நிறுத்தும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

விற்றது சரி என்றால் அதில் இழப்பே இல்லை என்று அர்த்தமில்லை. வில்லியம்ஸ் இன்னோர் உதாரணமும் சொல்வார். ஒரு லாரி ஓட்டுநர், அவர்மேல் ஒரு பிழையும் இல்லை, குறுக்கே ஓடிவந்த குழந்தை அடிபட்டுவிடுகிறது. 'உன் மேல தப்பில்லப்பா' என்று எல்லோரும் சொன்னாலும், அவர் உடனே 'ஆமால்ல' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனால் நமக்கே அவரைப் பிடிக்காது. குற்றமில்லாமலும் ஒரு வருத்தம் இருக்க வேண்டும், அது நியாயமானது. பஷாகிச் விற்றதால் போஸ்னியாவுக்கு ஒரு நஷ்டம் ஏற்பட்டது. அதை யுனெஸ்கோ பட்டயம் ஈடுகட்டிவிடாது. விற்று 37 வருடம் கழித்து, 1961ல், அந்தப் பிரதிகளுக்கு விரிவான அட்டவணை ஒன்று பிராட்டிஸ்லாவாவில் வந்தது. ஜெர்மன் மொழியில். தன் ஊரில் நகலெடுக்கப்பட்ட ஏட்டைத் தேடும் சரயேவோ மாணவன் அதை ஜெர்மனில் தேட வேண்டியிருந்தது, டானூப் நதிக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. போக வழியில்லாத எத்தனையோ பேர் தேடாமலே விட்டிருப்பார்கள். எந்தக் குண்டும் விழாமல் நடந்த இழப்பு என்பதால் இதற்கு எண்ணிக்கை கிடையாது. இன்று அந்த நூலகம் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. நல்ல விஷயம். வருவதற்கு எழுபது வருடத்துக்கு மேல் ஆனது.

ஊரில் வைத்திருப்பது பற்றியும் கனவு காண வேண்டாம். பஷாகிச் வேலை பார்த்த அருங்காட்சியகம் போரில் சிதைந்தது, பிறகு சமாதான காலத்தில், 2012ல், பணம் கொடுக்க எந்த அரசும் முன்வராமல் கதவைச் சாத்தியது. ஊழியர்கள் சம்பளமில்லாமல் தினமும் வந்து பொருட்களைப் பார்த்துக்கொண்டார்கள். 2015 செப்டம்பரில்தான் மறுபடியும் திறந்தது. ஒரு சமூகம் தன் புத்தகங்களைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். வைத்திருப்பதற்கு மாதா மாதம் சம்பளமும் கரண்டு பில்லும் யார் கட்டுவது என்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும். நம்ம சங்கங்களின் ஆண்டுக்கூட்டங்களில் முதலாவது பேச்சுக்குக் கைதட்டல் கிடைக்கும், இரண்டாவதற்கு டீ பிரேக் விட்டுவிடுவார்கள்.

அண்ணனிடம் நான் கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. முதலில் ஒரு நோட்டில் எழுதலாம் என்றேன். எந்தப் பத்திரிகை, எந்த வருடம், எந்தத் தோட்டத்து நாடகம், யார் எழுதியது, யார் நடித்தது. கொடுப்பதானால் மொத்தமாக, பிரிக்காமல். படமெடுத்த பிரதி இங்கே யார் கேட்டாலும் காசில்லாமல் கிடைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். இதுவரை 140 தலைப்பு ஆகியிருக்கிறது. நாடகப் பிரதிகளில் பாதிக்கு மேல் எழுதியவர் பெயரே இல்லை. கையெழுத்தைப் பார்த்து, "இது எங்கப்பா கையெழுத்து இல்ல, பக்கத்துத் தோட்டத்துக் கிராணியா இருக்கும்" என்று அண்ணன் சொல்வதைத்தான் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்போதைக்குப் பென்சிலில் எழுதி வைக்கிறேன்.